எட்டுத் தடைகளும் ஒரு மார்க்கெட்டும்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தோழர்களுக்கு ஒரு பட்டியல் மனப்பாடமாக இருக்கும். குடைக்கு எஃகுக் கம்பி வைத்தவர் சாமுவேல் ஃபாக்ஸ், 1852. துருப்பிடிக்காத எஃகு, ஹாரி பிரியர்லி, 1913. பொருளின் பெயர், கண்டுபிடித்தவர், ஆண்டு. அன்றாட வாழ்க்கையை மாற்றிய பொருட்களின் வரலாறு என்று நமக்குச் சொல்லித் தரப்படுவது பெரும்பாலும் இவ்வளவுதான். பொருள் வந்தது, வாழ்க்கை மாறியது என்று பாடம் முடிந்துவிடும்.

அந்தப் பாடத்தில் ஒரு கேள்வி விடுபட்டுப்போகிறது. பொருள் வந்த பிறகு அதை யார் தொடலாம், யார் அணியலாம், எந்தத் தெரு வரைக்கும் கொண்டுபோகலாம் என்று முடிவு செய்தது யார்? இந்தக் கேள்வியைக் கேட்டால் வரலாறு வேறு மாதிரி தெரியும். கண்டுபிடித்தவர்களின் பட்டியலுக்குப் பக்கத்தில் தடுத்தவர்களின் பட்டியல் ஒன்றும் வரும். அந்த இரண்டாவது பட்டியல் எழுத்திலேயே இருக்கிறது.

1930 டிசம்பர்

திருச்சியிலிருந்து தெற்கே புதுக்கோட்டையைத் தாண்டினால் அந்தக் காலத்து இராமநாதபுரம் மாவட்டம். 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிட மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன், சாதி பற்றி எழுதிய நூலில் அவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார்.

சுருக்கமாகச் சொன்னால் தடைகள் இவை. பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்களின் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மூடக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது.

மக்கள் இதற்குக் கட்டுப்படவில்லை. கட்டுப்படாதவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. செம்பு, பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுக்கக் கூடாது, மண் குடம்தான். தலையில் சும்மாடு வைக்கத் துணி கூடாது, வைக்கோல்தான். பிள்ளைகள் படிக்கக் கூடாது. கல்யாணத்துக்கு மேளம் கூடாது. மாப்பிள்ளை குதிரையில் போகக் கூடாது. எந்தக் காரியத்துக்கும் எந்த வண்டியும் கூடாது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை செய்ய வேண்டும், ஆணுக்குக் கூலி நான்கு அணா, பெண்ணுக்கு இரண்டு அணா.

இதே 1930 டிசம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு நடந்துகொண்டிருந்தது. அண்ணல் அம்பேத்கரும் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும் ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக அங்கே உட்கார்ந்து அரசியல் உரிமை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே வாக்குரிமை பற்றிப் பேச்சு, இங்கே குடைக்குத் தடை. இரண்டையும் தனித்தனிச் செய்தியாகப் படிக்கக் கூடாது. குடை பிடித்தவன் நாளைக்கு நிலம் கேட்பான், கூலி கேட்பான், ஓட்டுப் போடுவான் என்பது தடை போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. பதினொரு தடைகளில் குடத்துக்கும் மேளத்துக்கும் நடுவே கூலிக் கணக்கு உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

மார்க்கெட்டைச் சுற்றி

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு திருச்சி காந்தி மார்க்கெட்டைச் சுற்றி வாருங்கள். பூக்கடை, மஞ்சள் கடை, செருப்புக் கடை, பாத்திரக் கடை, குடைக் கடை. பெரிய கடைவீதிக்குத் திரும்பினால் துணியும் நகையும். இராமநாதபுரத்தில் எவையெல்லாம் கூடாது என்றார்களோ அவையெல்லாம் அரை மணி நேர நடையில் விலைக்குக் கிடைக்கும். கடைக்காரர் சாதி கேட்பதில்லை, காசைத்தான் கேட்கிறார்.

கோட்டைக்குப் பக்கத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய இந்தச் சந்தை 1927ல் பெரிதாக விரிவாக்கப்பட்டது. அதே 1927 மார்ச்சில்தான் மகாராஷ்டிரத்தின் மகத் நகரில் அம்பேத்கர் மக்களைத் திரட்டிக்கொண்டு போய் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். டிசம்பரில் மீண்டும் மகத் வந்தபோது பெண்களிடம் தனியாகப் பேசினார். தீண்டத்தகாதவர் என்று அடையாளம் காட்டும் விதமாகச் சேலை கட்டாதீர்கள், பாரமான மலிவு நகைகளைக் கழற்றிப் போடுங்கள் என்றார். உடையும் நகையும் அவருக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

சந்தை பொருளை விற்கும், அதை அணிந்துகொண்டு ஊருக்குள் நடக்கும் உரிமையை விற்காது. காந்தி மார்க்கெட்டில் வாங்கிய செருப்பைக் காலில் போட்டுப் பேருந்து ஏறியவர், ஊர்த் தெரு வந்ததும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். இது தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களின் கதை. வாங்கும் இடத்துக்கும் பயன்படுத்தும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தூரத்தைத்தான் நம் முன்னோர்கள் ஒரு நூற்றாண்டாக நடந்து கடந்தார்கள்.

செருப்பு

செத்த மாட்டைத் தூக்கியவர்களும் தோலை உரித்துப் பதப்படுத்தியவர்களும் செருப்பைத் தைத்தவர்களும் நம் மக்கள். திண்டுக்கல், ஆம்பூர், வாணியம்பாடி, திருச்சியில் செம்பட்டு என்று தோல் பதனிடும் ஊர்கள் எல்லாவற்றிலும் அந்த உழைப்பு இருக்கிறது. தைத்தவன் காலுக்குத்தான் செருப்புத் தடை. தோல் தீட்டு என்றால் அதை அணிபவனுக்கும் தீட்டுத்தானே வர வேண்டும்? வரவில்லை. தீட்டு என்று சொன்னதெல்லாம் வேலையை ஒருவன் தலையில் கட்டவும் பயனை இன்னொருவன் எடுத்துக்கொள்ளவும் செய்த ஏற்பாடு.

பாட்டா நிறுவனம் 1931ல் இந்தியாவுக்கு வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு ரப்பர் செருப்பு பரவியது. ஜப்பானிய வைக்கோல் செருப்பின் வடிவத்தில் ரப்பரில் வார்த்த அந்தச் செருப்புக்கு இங்கே ஹவாய் செருப்பு என்று பெயர் விழுந்தது. மலிவானது, மழையில் கெடாதது, எல்லாச் சாதிக் காலிலும் ஒரே மாதிரி இருப்பது. தோலுக்கும் செருப்புக்கும் இருந்த உறவை அது அறுத்தது. ஆனால் செருப்புக்கும் சாதிக்கும் இருந்த உறவை ரப்பரால் அறுக்க முடியவில்லை. ஊர்த் தெருவில் தோல் செருப்பைக் கழற்றச் சொன்னவர்கள் ரப்பர் செருப்பையும் கழற்றச் சொன்னார்கள்.

குடமும் தட்டும்

மண்பாண்டம் உடையும், விலை போகாது. பித்தளை அப்படி இல்லை. அவசரத்துக்கு அடகு வைக்கலாம், மகளுக்குச் சீராகக் கொடுக்கலாம், அடுத்த தலைமுறைக்கும் வரும். ஏழைக் குடும்பத்தில் பித்தளைக் குடம் ஒரு சேமிப்பு. மண்பாண்டம் மட்டும்தான் என்ற தடைக்கு, எதையும் சேர்த்து வைக்காதே என்பதுதான் பொருள்.

இது இராமநாதபுரத்தோடு நின்ற கதையும் இல்லை. லாகூரில் பேச அழைத்து, உரையைப் படித்துப் பார்த்துப் பயந்து மாநாட்டையே ரத்து செய்தார்களே, அந்த ‘சாதி ஒழிப்பு’ உரையை 1936ல் அம்பேத்கர் சொந்தச் செலவில் அச்சிட்டார். அதன் தொடக்கப் பக்கங்களில் தத்துவத்துக்கு முன்னால் அவர் அடுக்குவது இப்படிப்பட்ட சம்பவங்களைத்தான். குஜராத்தில் அகமதாபாத் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்ததற்காகப் பெண்கள் தாக்கப்பட்டார்கள். ராஜஸ்தானில் விருந்தில் நெய் பரிமாறியதற்காகச் சாப்பிட உட்கார்ந்தவர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். குடமும் நெய்யும் அவருடைய வாதத்தின் முதல் சாட்சிகள்.

பாத்திரத்தின் வரலாற்றில் சென்னைக்கும் இடம் உண்டு. ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898ல் சென்னைக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். பித்தளையைவிட மலிவான, மண்ணைவிட உறுதியான பாத்திரம் ஏழை வீட்டுக்குள் நுழைய வழி பிறந்தது. பிறகு எவர்சில்வர் வந்தது, அதன் பிறகு பிளாஸ்டிக் குடம் வந்தது. இன்று தண்ணீர் லாரிக்கு முன்னால் வரிசையில் நிற்கும் குடங்களைப் பார்த்து எது யாருடையது என்று சொல்ல முடியாது.

தட்டுக்கும் நம் மாவட்டத்தில் ஒரு வரலாறு உண்டு. காமராசர் ஆட்சியில் 1956ல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் சேரிப் பிள்ளையையும் ஊர்ப் பிள்ளையையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த இடம் திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் பாப்பாக்குறிச்சி. ஒரே உலையில் பொங்கிய சோறு, ஒரே மாதிரித் தட்டு. இந்தத் தட்டு செய்த வேலையை எந்தக் கண்டுபிடிப்புப் பட்டியலிலும் நீங்கள் பார்க்க முடியாது. ஆனாலும் 2018ல் திருப்பூர் மாவட்டத்தில், சமைப்பவர் தலித் பெண் என்பதற்காகப் பள்ளியில் எதிர்ப்புக் கிளம்பியது. அவரை இடம் மாற்றிய அதிகாரிகள், போராட்டத்துக்குப் பிறகே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். தட்டு பொதுவான பிறகு சாதி கரண்டியைப் பிடித்துக்கொண்டது.

டம்ளர்

தேநீர்க் கடை இருபதாம் நூற்றாண்டின் பிள்ளை. நம் ஊர்களில் பழைய வழக்கம் எதுவும் அதற்குக் கிடையாது. புதிதாக வந்த இடம், புதிதாக வந்த பானம். அங்கே சாதிக்கு என்ன வேலை? ஆனாலும் கடை திறந்த வேகத்தில் சாதியும் உள்ளே வந்து உட்கார்ந்தது. ஊர்க்காரருக்குக் கண்ணாடி டம்ளர், நமக்குச் சிரட்டை. பிறகு சிரட்டை போய் அலுமினிய டம்ளர், அதையும் குடித்தவரே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஊர்க்காரருக்கு பெஞ்சு, நமக்குத் தரை. இரட்டைக் குவளை முறை பழங்காலத்து மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது நவீன காலத்தில், நவீனக் கடைக்காகச் செய்யப்பட்ட புதிய ஏற்பாடு.

அதற்குப் பிறகு பிளாஸ்டிக் கப் வந்தது. பல ஊர்களில் அதை நமக்கு மட்டும் கொடுத்தார்கள். கேட்டால், சுத்தமானது, ஒரு முறை குடித்துத் தூக்கிப் போடலாம் என்று பதில். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கப்புகளுக்குத் தடை வந்ததும் அந்த இடத்தைப் பேப்பர் கப் பிடித்தது. எல்லோருக்கும் பேப்பர் கப் என்றால் நமக்குப் புகார் இல்லை. ஒருவருக்குக் கண்ணாடி, இன்னொருவருக்கு எப்போதும் பேப்பர் என்றால் அது பழைய சிரட்டைதான். பொருளைப் பார்த்தால் மட்டும் போதாது, யார் கைக்கு எது போகிறது என்று பார்க்க வேண்டும்.

படிக்கல்

காந்தி மார்க்கெட்டின் இதயம் தராசு. அதில் அரசாங்க முத்திரை வைத்த எடைக்கல் எப்போது வந்தது? 1956ல் எடை அளவைகளுக்கான சட்டம் நிறைவேறியது. 1958 அக்டோபர் முதல் கிலோகிராம் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்திருந்தது. அணாவும் வீசையும் மறைந்ததைப் பற்றிப் பெரியவர்கள் வருத்தத்தோடு பேசுவார்கள். நாம் அதை வேறு விதமாகவும் பார்க்க வேண்டியிருக்கிறது.

காவிரிப் படுகையில் பண்ணையாள் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. மரக்கால் பண்ணையாரின் வீட்டில் இருந்தது. குத்தகை வாங்க ஒரு மரக்கால், கூலி கொடுக்க அதைவிடச் சின்ன மரக்கால் என்று படுகை மக்கள் தலைமுறைகளாகச் சொல்லி வந்தார்கள். அளவு கருவி யார் கையில் இருக்கிறதோ அவர் வைத்ததுதான் அளவு. கூலி நெல் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டுச் சங்கம் வைத்த போராட்டத்தின் முடிவில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். எல்லோருக்கும் பொதுவான, யாரும் மாற்ற முடியாத ஒரு கிலோ என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெண்மணியின் பக்கத்திலிருந்து பார்த்தால் புரியும்.

சைக்கிள்

1949ல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டு, சென்னை அம்பத்தூரில் சைக்கிள் உற்பத்தி வந்தது. குதிரையும் பல்லக்கும் மறுக்கப்பட்டவனுக்குத் தன் காலால் மிதித்துத் தன் வேகத்தில் போக முதல் வாகனம் கிடைத்தது. வேலைக்குப் பக்கத்து ஊர் போகலாம், பண்ணையாரைவிட்டால் வேறு வழியில்லை என்ற நிலை தளரும். அதனால்தான் ஊர்த் தெரு வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்றார்கள்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களிடம் கொண்டுசேர்த்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். விவசாயக் கூலிப் பெண்களும் கல்குவாரித் தொழிலாளிகளும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். சைக்கிள் அதற்கு முன்பும் புதுக்கோட்டையில் இருந்தது. பெண் ஏறலாம் என்று ஒரு இயக்கம் சொன்ன பிறகுதான் அது அவர்களுடைய பொருளானது.

சட்டத்தின் பட்டியல்

நம் முன்னோர்கள் இந்தப் பொருட்களுக்காகச் சட்டமன்றத்திலும் போராடினார்கள். பொதுச் சாலை, கிணறு, குளம், பொது இடங்கள் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924ல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1938ல் வந்த சமூக இயலாமைகளை நீக்கும் சட்டத்துக்குப் பின்னால் எம்.சி.ராஜா இருந்தார். அரசமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டு தீண்டாமைக் குற்றச் சட்டத்தின் 4ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். உணவகத்தில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்துவதும் நகையும் அலங்காரமும் அணிவதும் அதில் பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கின்றன.

அடுத்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015ல் செய்யப்பட்டு 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம். அதில் பிரிவு 3(1)(இசட்ஏ) எதைக் குற்றம் என்கிறது? பொது இடத்தில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது. செருப்பு அணிவதைத் தடுப்பது. புது உடை உடுத்துவதைத் தடுப்பது. திருமண ஊர்வலத்தையும் அதில் குதிரையில் ஏறுவதையும் தடுப்பது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை.

1930ன் பட்டியலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செருப்பு, உடை, வண்டி, குதிரை. 85 ஆண்டுகள் கழித்தும் அதே பொருட்கள். அன்று ஆதிக்கம் எழுதிய பட்டியலை இன்று நாடாளுமன்றம் தலைகீழாகத் திருப்பி எழுதியிருக்கிறது. அது நம் வெற்றி. ஆனால் 2015லும் அப்படி ஒரு வரி எழுத வேண்டியிருந்தது என்பது இந்தச் சமூகத்தின் வாக்குமூலம்.

வராத இயந்திரம்

இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. கைப்பேசி எல்லாச் சேரிக்கும் வந்துவிட்டது. காந்தி மார்க்கெட்டில் கீரைக் கட்டு விற்கும் அம்மாவும் கைப்பேசியில் பணம் வாங்குகிறார். சாக்கடைக்குள் மனிதன் இறங்காமல் அடைப்பு எடுக்கும் இயந்திரம் மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்? இரவெல்லாம் லாரிகள் காய்கறி இறக்கிய பிறகு மார்க்கெட்டில் மிஞ்சும் அழுகலை விடியற்காலையில் அள்ளும் கைகள் இன்னும் விளக்குமாறையும் கூடையையும்தானே நம்பியிருக்கின்றன?

மலம் அள்ளும் வேலையைத் தடை செய்து 1993ல் ஒரு சட்டம், 2013ல் ஒரு சட்டம். பெசவாடா வில்சனும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலனும் நடத்திய வழக்கில், சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டுத் தொகை ஏறுகிறது, இறப்பு நிற்கவில்லை. இறங்குவதற்கு மலிவாக ஒரு சாதியின் உடல் கிடைக்கும்வரை இயந்திரத்துக்கு அவசரம் இருக்காது. ஒரு கண்டுபிடிப்பு எப்போது பிறக்கிறது, எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதையும் சாதி தீர்மானிக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் வரலாற்றை எழுதும்போது வந்த பொருட்களோடு வராத பொருட்களையும் எழுத வேண்டும்.

மாணவத் தோழர்களிடம் நாம் கேட்பது ஒரு சின்ன வேலை. இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு முதல் உலோகக் குடம், முதல் குடை, முதல் சைக்கிள் எந்த ஆண்டு வந்தது, எங்கே வாங்கியது என்று பாட்டியிடமும் தாத்தாவிடமும் கேளுங்கள். அதோடு நிறுத்தாமல், அதை எடுத்துக்கொண்டு ஊர்த் தெரு வழியாக முதன்முதலில் போனது யார், அன்றைக்கு என்ன நடந்தது என்றும் கேளுங்கள். பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். பிறகு ஊர் முனைத் தேநீர்க் கடைக்குப் போய் யாருக்கு எதில் தேநீர் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு விதமாக இருந்தால் நோட்டில் எழுதுவதோடு விட்டுவிடாதீர்கள். காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாரில் சட்டத்தின் பெயரையும் பிரிவு எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள்.